வாளி மகாராணி

எங்கள் நாய் சூட்டிக்குக் கருத்தடை ஒப்பரேசன் முடிந்து ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினால், படலையில் நாலு கடுவன்கள் காத்து நிற்கின்றன. கிளிநொச்சியில் நிவாரண வரிசையில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் நின்று நான் கண்டதில்லை. "போங்கோடா, இனி உங்களுக்கு இங்க அலுவல் இல்லை" என்றா அம்மா.

பெட்டை நாய் 63 நாளில் குட்டி போட்டுவிடும். போன முறை போட்ட ஏழுக்கும் வீடு தேடி நான் பரந்தன் வரைக்கும் அலைந்தேன். 2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. விசர்நாய்த் தடுப்பூசியும் இந்த ஒப்பரேசனும்தான் வழி.

மிருக வைத்தியர் அதிகம் பேசவில்லை. பத்து நாளைக்குக் காயம் நனையக் கூடாது, நக்கக் கூடாது, ஓடிப் பாயக் கூடாது. இலேசாகச் சிவந்து தடித்திருந்தால் பயப்பட வேண்டாம். சீழ், கெட்ட மணம், வீக்கம் வந்தாலோ தையல் விட்டாலோ உடனே கொண்டுவரவேண்டும். மற்றபடி ஒன்றும் பூச வேண்டாம்.

அந்தக் கடைசிச் சொல்தான் வன்னியில் எடுபடாது. 2009 யுத்தத்தில் பதுங்கு குழிக்குள் பழஞ்சீலையைக் கிழித்துக் கட்டுப் போட்ட சனம் நாங்கள். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் படிக்காத சத்திரசிகிச்சை நிபுணர்கள். ஒரு காயத்தைக் கண்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க இங்கே எவருக்கும் வராது.

முதலில் பக்கத்து வீட்டு மாமி மஞ்சளோடு வந்தா. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று, இந்தியாவிலிருந்து படகில் கடத்திவந்தவர்கள் நேவியிடம் பிடிபட்ட காலத்தில், கறிக்கு ஒரு சிட்டிகை கடன் தராத மனுசி. நாயின் வயிற்றுக்கு ஒரு சிரட்டை நிறையக் குழைத்திருந்தா! அடுத்தது ஓய்வுபெற்ற வாத்தியார், பனடோலோடு. மனிசருக்கான வலி மாத்திரை நாயின் ஈரலைக் கெடுக்கும் என்றேன். "அப்ப பாதி குடுத்துப் பாரன்" என்றார்.

அம்மா குசினிக்குள் சரக்குக் கறிக்கு ஆயத்தம். "வயித்தைக் கீறின பிள்ளையடா." உள்ளியும் வெங்காயமும் நாயின் இரத்தத்துக்கு ஆகாது என்று சொன்னேன். "உள்ளி போடாமல் வச்சால் அதுக்குப் பேர் சரக்குக் கறியே?" என்று தானே கேட்டு, தானே அடுப்பை நூர்த்தா.

நக்காமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. நாயின் எச்சில் மருந்து என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அந்த நாக்கு கிருமியையும் கொண்டுபோகும், இழையையும் பிடுங்கும். இதற்கென்று புனல் மாதிரி ஒரு கழுத்துக் கொலர் உண்டு. இங்கிலாந்து மகாராணி முதலாம் எலிசபெத் காலத்து மடிப்புக் கொலரைப் போலிருப்பதால் அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். சூட்டி மகாராணியை முதல் ராத்திரியே சப்பித் துப்பிவிட்டது.

இனி வாளிதான். அளவாக வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: மெனிக்பாம் அகதி முகாமில் அம்மாவுக்குக் கிடைத்த நீல வாளி. அங்கே தண்ணீர் பிடித்ததும் அதில்தான், அரிசி வைத்ததும் அதில்தான், ஆள் வந்தால் கவிழ்த்துப் போட்டுக் கதிரையும் அதுதான். அம்மா வாளியைப் பார்த்தா. சூட்டியைப் பார்த்தா. "பிடியைக் கழட்டி என்னட்டைத் தா" என்றா.

அடியை வெட்டி, ஓரத்துக்குச் சைக்கிள் ரியூப் சுற்றி மாட்டினேன். சூட்டி கதவு நிலையில் டொக்கென்று இடிக்கும், பின்வாங்கும், திரும்பவும் அதே நிலையில் இடிக்கும். குரைத்தால் வாளி முழங்கும். தன் குரலுக்குத் தானே பயந்து கட்டிலுக்குக் கீழே ஓடப்போய், வாளி தட்டுப்பட்டு வெளியிலேயே நிற்கும். கடுவன்கள் நாலும் அன்றோடு படலையைக் காலிசெய்தன.

பின்னேரங்களில் நான் போன் வெளிச்சம் அடிக்க, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இழைகளை எண்ணுவா. ஆறு. மழித்த வயிற்றில் மீன்முள் போல நின்றன. ஈ மொய்த்து முட்டை போட்டால் புழு வைக்கும் என்று பகல் முழுக்கப் பனையோலை விசிறியோடு காவல். ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி வைபரில் எடுத்தால், முதல் கேள்வியே "வயித்தைக் காட்டுங்கோ."

நாலாம் நாள் ஓர் இழையடியில் சின்னத் தடிப்பு. படம் எடுத்து டொக்டருக்கு அனுப்பினேன். "நல்லா ஆறுது. ஒண்டும் செய்யாதேங்கோ." மாமிக்கு முகம் செத்துப்போச்சு.

பத்தாம் நாள் இழை வெட்டினார்கள். அடியில்லாத வாளி இப்போது முற்றத்து மாங்கன்றுக்குக் கோழிக் காவல். சூட்டி அதைக் கண்டால் இரண்டு முழம் விலகித்தான் போகிறது. பிடியை அம்மா கிணற்றடி வாளிக்குப் பூட்டிவிட்டா.