பதறாதீர் பெற்றோரே!

? ஆபரேஷன் பையனுக்கு. பயம் போக்கும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் அம்மாவுக்கு எதற்கு? – வாசகி, கரூர்

தியேட்டர் கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் பையன் தூங்கிவிடுவான். வெளியே முழித்துக்கொண்டு தவிப்பது அம்மாதான். தவிர, பயம் ஜலதோஷம் மாதிரி. பெற்றவர்களிடமிருந்துதான் பிள்ளைக்கு முதலில் ஒட்டும்.

? அந்த ஹெட்செட்டுக்குள் என்னதான் தெரியும்? – வாசகர், தேனி

தென் கொரியாவில் தெரிந்தது பெங்குவின்! சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பண்டாங் மருத்துவமனையில் 4 நிமிடப் படம் காட்டினார்கள். போரோரோ என்ற கார்ட்டூன் பெங்குவின் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய், அங்கே இருப்பதையெல்லாம் விளக்கும். 4 முதல் 10 வயது வரை 69 பிள்ளைகள். படம் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது என்று 2017-ல் எழுதினார்கள்.

பிறகு வந்த ஓர் ஆய்வில், பிள்ளை பார்ப்பதையே பெற்றோரும் திரையில் பார்த்தார்கள். பிள்ளையின் பதற்றம் இன்னும் தணிந்தது. பெற்றோருக்கும் திருப்தி கூடியது. குடும்பப் படம் என்றால் இதுதான்.

? எல்லா ஊரிலும் பலித்ததா? – வாசகர், சேலம்

இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில், சோஃபியா குழந்தைகள் மருத்துவமனை சுமார் 200 பிள்ளைகளிடம் சோதித்தது. பதற்றம் இம்மியும் குறையவில்லை. ஆனால் டான்சில், அடினாய்டு எடுத்தவர்களில், ஹெட்செட் மாட்டியிருந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. பயத்துக்குக் கொடுத்த மருந்து வலிக்குக் கேட்டிருக்கிறது!

? அப்பாவின் பதற்றத்தை எப்படி அளப்பார்கள்? கடித்த நகத்தை எண்ணியா? – வாசகி, நாகர்கோவில்

கேள்வித்தாள் கொடுத்து. தயாரித்தவர் ஸ்பீல்பெர்கர். டைனோசர் விட்டாரே, அவர் ஸ்பீல்பெர்க், இவர் உளவியலாளர். இந்த நிமிஷத்துப் பதற்றத்துக்கு 20 கேள்வி, சுபாவப் பதற்றத்துக்கு 20. ஒவ்வொரு பகுதியிலும் 20-லிருந்து 80 வரை மார்க் விழும். குறைவாக வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய ஒரே பரீட்சை.

? நானே உள்ளே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டால் போதாதா? – வாசகர், ஈரோடு

பிடிக்கிற கை நடுங்காமல் இருந்தால் போதும். அமெரிக்க மயக்கவியல் நிபுணர் ஸீவ் கெய்ன் குழு பார்த்த வரையில், நிதானமான பெற்றோர் பக்கத்தில் நின்றால் பயந்த பிள்ளை தேறுகிறது. பதறுகிறவர் நின்றால் சமர்த்தாக இருந்த பிள்ளைக்கும் பயம் வந்துவிடுகிறது.

இன்னொன்று. மயக்க மருந்து மாஸ்க் வைத்ததும் சில பிள்ளைகள் கைகாலை உதறும், கண் செருகும், மூச்சு சத்தம் போடும். மயக்கம் ஏறும் வழியில் இது வழக்கம்தான். முன்பே தெரியாத அப்பா “ஐயோ, என் புள்ளைக்கு என்னமோ ஆச்சு!” என்று அலறிவிடுவார். படம் காட்டுகிறவர்கள் பெங்குவினோடு நிறுத்தாமல் இதையும் பெற்றோருக்குக் காட்டியே ஆகவேண்டும்.

? ஹெட்செட்டால் கெடுதல் உண்டா? – வாசகி, விருதுநகர்

சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். வலிப்பு நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

? எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்கே தேடணும். ஹெட்செட்டுக்கு எங்கே போவது? – வாசகர், அரியலூர்

மயக்க மருந்து டாக்டரிடம் போங்கள். மாஸ்க்கா, ஊசியா? எதுவரை நான் வரலாம்? கண் விழிக்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள்? மூன்றையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். கெய்ன் குழு 2007-லேயே வீடியோ, கையேடு, வீட்டில் பழக ஒரு மாஸ்க் ஆகியவற்றைக் கொடுத்துப் பெற்றோரைத் தயார்செய்தது. பிள்ளைகளின் பதற்றமும் குறைந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். ஹெட்செட் செய்கிற வேலையில் பாதியை ஒரு நல்ல டாக்டரின் வாயே செய்யும்.

? “ஊசியே போடமாட்டாங்க” என்று பிள்ளையிடம் சொல்லலாமா? – வாசகி, திருத்தணி

ஊசி ஏறிய மறுநொடி உங்கள் பேச்சு செல்லாக்காசு. “சுருக்குனு வலிக்கும், அம்மா இங்கேயே இருக்கேன்” என்று சொல்லுங்கள்.

? பசி என்று அழுதால் ஒரே ஒரு பிஸ்கட்? – பாட்டி, மதுரை

கூடாது பாட்டி! மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிஸ்கட் என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, தண்ணீர் 2: ஆபரேஷனுக்கு முன் இதுதான் பொதுவான இடைவெளி. தெரியாமல் ஊட்டியிருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.