தரைவழிக் கணக்கு

கடலூர் பேருந்து நிலையம். சிதம்பரம் பேருந்தில் ஜன்னலோரம் பெரியப்பா. வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஓய்வு சம்பளத்துக்குத்தான், தணிக்கைக்கு அல்ல. பக்கத்தில் தம்பி மகள். அவள் மடியில் பத்து நாட்டுக் கொடிகள் தைத்த முதுகுப்பை. லண்டனிலிருந்து சிதம்பரம் வரை அவளும் கணவனும் தரைவழியாகவே காரில் வருவதாக ஐந்து மாதமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேரலைபோல் செய்தி. இப்போது காரையும் காணோம், கணவனையும் காணோம்.

பெரியப்பா: கார் எங்கம்மா?

லண்டன்காரி: துறைமுகத்துல இருக்கு பெரியப்பா.

பெரியப்பா: மாப்பிள்ளை?

லண்டன்காரி: காரோட இருக்காரு. இன்னும் ரெண்டு பேப்பர் வேணுமாம்.

பெரியப்பா: தரைவழியா வர்ற காருக்குத் துறைமுகத்துல என்னம்மா ஜோலி?

லண்டன்காரி: துருக்கியில மெர்சின்னு ஒரு ஊரு. அங்கேருந்து கன்டெய்னர்ல போட்டு அனுப்பிட்டோம். நாங்க இஸ்தான்புல்லேருந்து விமானத்துல வந்துட்டோம். மத்தபடி முழுக்க ஓவர்லேண்டுதான்.

பெரியப்பா: கப்பல்ல வந்த காரு எப்படிம்மா தரைவழி ஆகும்?

லண்டன்காரி: கார் கப்பல் தரையிலதானே நின்னுச்சு!

(பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுக்கிறார். பென்ஷன் விஷயமாக மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அங்கே பார்த்த ஆள், நேரம், சொன்ன பதில் மூன்றையும் குறித்துக்கொள்ளும் நோட்டு அது.)

பெரியப்பா: லண்டன்லேருந்து ஆரம்பி. எதையும் விடாதே.

லண்டன்காரி: ஃபோக்ஸ்டன்ல காரோட ரயில்ல ஏறினோம். 50 கிலோமீட்டர் சுரங்கம், பெரும்பகுதி கடலுக்கு அடியில. முப்பத்தஞ்சு நிமிஷத்துல பிரான்ஸ்.

பெரியப்பா: ஆரம்பமே ரயிலா. சரி, கடலுக்கு அடியில இருக்கறதும் தரைதான். அனுமதிக்கலாம். அப்புறம்?

லண்டன்காரி: பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி. அஞ்சு நாட்டுல ஒருத்தன்கூட பாஸ்போர்ட்டைக் கேக்கல. போர்டைப் பார்த்தாத்தான் நாடு மாறிடுச்சுன்னே தெரியுது. செர்பியா, பல்கேரியா, துருக்கி, ஜார்ஜியா. இங்கிலாந்தையும் சேர்த்து பத்து நாடு. ஆனா பெரியப்பா, நேத்து பாண்டிச்சேரியிலேருந்து வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில பஸ்ஸை நிறுத்தி என் பையைக் கடைசி சாக்ஸ் வரைக்கும் பார்த்தாங்க. பத்து நாட்டு எல்லையிலயும் எனக்கு அந்த மரியாதை கிடைக்கல.

பெரியப்பா: பாண்டிச்சேரி வெளிநாடு இல்லைன்னு யாரு சொன்னது? 1954 நவம்பர் வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஊரு. எங்க தாத்தா மாட்டு வண்டியில பாகூர்ப் பக்கம் பொண்ணு பார்க்கப் போனா ரெண்டு தடவை எல்லை தாண்டணும். ஊரு ஊரா பிய்ச்சுப் போட்ட தோசை மாதிரி கிடக்கும். வெள்ளைக்காரன் போயிட்டான், சாவடி போகல. அப்ப துணியும் சாராயமும் தேடினாங்க, இப்ப சாராயம் மட்டும். முன்னேற்றம்தான்.

லண்டன்காரி: இவ்வளவு பக்கத்துலயா ரெண்டு நாடு?

பெரியப்பா: ரெண்டோட போச்சா? தேவனாம்பட்டினத்துக் கோட்டை 1690-ல மராட்டியன்கிட்டேருந்து இங்கிலீஷ்காரன் வாங்கினது. எல்லை எதுவரைன்னு கேட்டா, கோட்டை மேலேருந்து பீரங்கி சுட்டானாம், குண்டு எட்டின தூரம் வரைக்கும் அவனுது. இன்னிக்கும் 'குண்டு கிராமங்கள்'னு பேரு. நாங்க ஒரு பட்டா மாறுதலுக்கு நாலு சாட்சி, ரெண்டு மனு, ஒரு நேர் விசாரணை வைப்போம். அவன் ஒரு குண்டுல முடிச்சான். அப்புறம் 1758-ல பிரெஞ்சு, 1760-ல மறுபடி இங்கிலீஷ், 1782-ல மறுபடி பிரெஞ்சு, ஒப்பந்தம் போட்டு மறுபடி இங்கிலீஷ். கடலூர்ல திண்ணையில குந்திக்கினு இருந்தவன் ஒரு அடி எடுத்து வைக்காம நாலஞ்சு நாடு மாறியிருக்கான். கொடி தைக்க அவன்கிட்ட பைதான் இல்ல.

(பேருந்து முதுநகரைத் தாண்டுகிறது. சிப்காட் பக்கத்தில் லண்டன்காரி துப்பட்டாவால் மூக்கை மூடுகிறாள். பெரியப்பா மூடவில்லை. பழகிப்போன மூக்கு.)

பெரியப்பா: துருக்கிக்கு வந்தாச்சு. அங்கேருந்து நேரா வந்தா ஈரான்தானே? ஏன் வரல?

லண்டன்காரி: பிரிட்டிஷ் பாஸ்போர்ட்னா தனியா ஓட்ட விடமாட்டாங்க. கூடவே அவங்க ஊரு வழிகாட்டி வரணும். காருக்கு வேற 'கார்னே' வேணும்.

பெரியப்பா: அது என்ன?

லண்டன்காரி: காருக்கு பாஸ்போர்ட் மாதிரி. நாட்டுக்குள்ள கொண்டு போன காரை வித்துடாம திரும்ப வெளியே கொண்டு வருவேன்னு உத்தரவாதம். வாகனச் சங்கத்துல பெரிய தொகை கட்டி வாங்கணும்.

பெரியப்பா: (மனசு நிறைந்து) நல்ல ஏற்பாடு. யாரோ நம்ம ஆபீஸ் ஆளு கண்டுபிடிச்சிருக்கணும்.

லண்டன்காரி: அதையும் வாங்கினோமே! ஆனா ஈரானைத் தாண்டினா பலூசிஸ்தான். துப்பாக்கிக்காரன் காவலோடதான் போகணும். அதையும் தாண்டினாலும் பாகிஸ்தான்-இந்தியா எல்லையில அட்டாரியை 2025 ஏப்ரல்ல மூடிட்டாங்க. சரி, மேல சுத்தி சீனா வழியா வரலாம்னு பார்த்தா அங்கேயும் வழிகாட்டி கட்டாயம். திபெத்துலேருந்து நேபாளம் இறங்குற ரசுவாகடிப் பாலத்தை அந்த ஜூலையில வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. ஆனா 1957-லேயே லண்டன்லேருந்து கல்கத்தாவுக்கு பஸ் விட்டிருக்காங்க பெரியப்பா. ஏப்ரல் 15 கிளம்பி ஜூன் 5 போய்ச் சேர்ந்திருக்கு. 85 பவுண்டு டிக்கெட்.

பெரியப்பா: அப்ப வழி இருந்துச்சு, உங்கிட்ட காரு இல்ல. இப்ப காரு இருக்கு, வழி இல்ல. கிழக்கால சுத்தியிருக்கலாமே? தாய்லாந்து, பர்மா, மணிப்பூர்?

லண்டன்காரி: அதையும் பார்த்தோம். தாய்லாந்துலேருந்து மணிப்பூர்ல மோரே வரைக்கும் 1,360 கிலோமீட்டர்ல மூணு நாட்டு நெடுஞ்சாலை போடுறாங்க. போட்டுக்கிட்டே இருக்காங்க. 2021-ல ராணுவம் வந்ததுலேருந்து பர்மாவுக்குள்ள அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. எல்லா பேப்பரும் கையில இருந்தும் முடியாது.

பெரியப்பா: (நோட்டை மூடுகிறார்) உங்க ஆயாவும் தாத்தாவும் அந்த வழியாத்தான் வந்தாங்க. ஒரு பேப்பரும் இல்லாம, கால்நடையா.

லண்டன்காரி: தெரியும். எல்லாக் கல்யாணத்துலயும் சொல்லுவீங்க.

பெரியப்பா: சொல்லத்தான் சொல்லுவேன். 1941 டிசம்பர் 23, ரங்கூன் மேல ஜப்பான்காரன் குண்டு போட்டான். பாதி ஊரு நம்ம ஆளுங்கதான். கப்பலுக்கு டிக்கெட் கிடைக்கல. துறைமுகத்துல மூட்டை தூக்க, தெருக் கூட்ட ஆள் வேணும்னு நம்ம ஆளுங்களைத் தடுத்துப் பார்த்தான் வெள்ளைக்காரன். மறு வருஷம் மார்ச் மாசம் அவனே ஊரை விட்டுட்டு ஓடினான். ஓடுற வழியிலும் அவனுக்கு ஒரு பாதை, நமக்கு ஒரு பாதை. வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதைன்னு சனங்க பேரே வச்சிருக்காங்க. நாலு லட்சத்துக்கு மேல ஆளுங்க வந்தாங்க. செத்தவங்களுக்குக் கணக்கே இல்ல. ஒரு பதிவேடு கிடையாது. (இதில்தான் பெரியப்பாவுக்கு உண்மையான கோபம்.) ரங்கூன்ல 'ஜோதி' பத்திரிகை நடத்தின வெ. சாமிநாத சர்மா தெரியுமா? பிளேட்டோவைத் தமிழ்ல கொண்டு வந்தவர். அவரும் மங்களம்மாளும் புருஷன் பொண்டாட்டியா அந்த வருஷம் நடந்தே வந்தாங்க. 'எனது பர்மா வழி நடைப் பயணம்'னு எழுதி வச்சிருக்கார். அது ஆவணம். ஆயாவுக்கு எழுதத் தெரியல, அவ்வளவுதான். முழுக்க நடை!

லண்டன்காரி: முழுக்கவா?

பெரியப்பா: முழுக்க.

லண்டன்காரி: அந்த நோட்டைக் கொடுங்க.

பெரியப்பா: எதுக்கு?

லண்டன்காரி: தணிக்கை எனக்கு மட்டும்தானா? ஆயா கால் பிடிச்சு விட்டவ நான். நீங்க ஆபீசுக்குப் போயிடுவீங்க. ரங்கூன்லேருந்து மாண்டலே எப்படி வந்தாங்க?

பெரியப்பா: ...ரயிலு.

லண்டன்காரி: எழுதுறேன். ரயில். மோனிவாவுலேருந்து கலேவா?

பெரியப்பா: ஆத்துல படகு வந்துச்சு போல.

லண்டன்காரி: நீர்வழி. நீங்க என் கப்பலைத் தள்ளுபடி பண்ணினீங்க, ஞாபகம் இருக்கட்டும். பாலேல்லேருந்து?

பெரியப்பா: லாரி. திமாப்பூர்லேருந்து மறுபடி ரயிலு. அதுக்காக? நடுவுல கலேவாவிலேருந்து தம்மு வழியா பாலேல் வரைக்கும் காடும் மலையும். காலரா. தண்ணி இல்ல. அது நடை இல்லியா?

லண்டன்காரி: நடைதான். நான் மறுக்கவே இல்லியே. 'முழுக்க'ங்கற ஒரு வார்த்தையை மட்டும் அடிச்சிடுறேன்.

(புதுச்சத்திரம். வேர்க்கடலைக்காரர் ஏறி இறங்குகிறார். பெரியப்பா இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை அவளிடம் நீட்டுகிறார். தோற்றவர் தரும் தண்டம் என்று நினைக்கக்கூடாது; அவர் எப்போதும் வாங்குவார்.)

லண்டன்காரி: ஆயா நடையைப் பத்திப் பேசவே மாட்டா பெரியப்பா. தையல் மெஷினைப் பத்தித்தான் பேசுவா. தாத்தா அதைப் பக்கத்து வீட்டு பர்மாக்காரிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டாராம். 'காட்டுல எவனுக்குடி சட்டை தைக்கப் போற'ன்னு கேட்டாராம். அன்னிலேருந்து திமாப்பூர் வரைக்கும் அவரு முன்னால, இவ பின்னால. ஒரு பேச்சு கிடையாது.

பெரியப்பா: இது எனக்குத் தெரியாதே.

லண்டன்காரி: உங்க கதையில தையல் மெஷின் வராதே. நானும் இவரும் புடாபெஸ்ட்லேருந்து சோஃபியா வரைக்கும் பேசல.

பெரியப்பா: ஏன்?

லண்டன்காரி: வழி சொல்ற மெஷின் பேச்சைக் கேட்டாரு. என் பேச்சைக் கேக்கல.

பெரியப்பா: அதுவும் மெஷினாலதானா!

லண்டன்காரி: ஆனா ஒண்ணு. நாங்க பேசாம வந்த அந்த மூணு நாள் வீடியோவைத்தான் நிறைய பேர் பார்த்திருக்காங்க. பின்னணியில புல்லாங்குழல் போட்டுட்டோம்.

பெரியப்பா: மோரேயில தமிழன் கோயிலு, தமிழ்ச் சங்கம் எல்லாம் இருக்காமே?

லண்டன்காரி: இருக்கு. 1962-ல பர்மாவுல ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்து, அப்புறம் கடை கண்ணியெல்லாம் அரசுடைமைன்னு பிடுங்கிக்கிட்டப்ப, நம்ம ஆளுங்களைக் கப்பல்ல ஏத்தி மெட்ராசுக்கு அனுப்பினாங்கள்ல? இங்க வந்து பார்த்தா பிடிக்கல. வெயிலு, முகாமு, தெரியாத முகம். சில பேர் பர்மாவுக்கே திரும்பலாம்னு கிழக்கால போயிருக்காங்க. எல்லையில தடுத்துட்டாங்க. அங்கேயே குந்திட்டாங்க. அதுதான் மோரே தமிழங்க.

பெரியப்பா: அப்ப அவங்க வீட்டுக்குப் போறோம்னு கிளம்பினது அந்தப் பக்கமா?

லண்டன்காரி: அந்தப் பக்கம்தான்.

(பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். இருவரும் கடலை தின்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் இருக்கிறது. பாலம் முடிந்து, கோபுரம் தெரிகிறதா என்று லண்டன்காரி எட்டிப் பார்க்கும்போது நடத்துநர் குரல்.)

நடத்துநர்: சிதம்பரம் புறவழிச்சாலை எல்லாம் எறங்கு! வண்டி ஊருக்குள்ள போகாது!

பெரியப்பா: ஏறும்போது சொல்லலியேய்யா?

நடத்துநர்: போர்டுல 'வழி'ன்னுதானே போட்டிருக்கு சார்!

(இறங்குகிறார்கள். வெயில். ஊர் அப்பால் இருக்கிறது.)

லண்டன்காரி: கேமராவை எடுக்கறேன் பெரியப்பா. கடைசிக் கட்டம் நடந்து போறோம்னு போட்டுடலாம். பத்து நாடு தாண்டி, ஆயா மாதிரி, சொந்த ஊருக்குள்ள கால்நடையா...

பெரியப்பா: ஆயா மாதிரியா? தேரோட்டத்துக்குக் கீழ வீதி வரைக்கும் வாம்மான்னு கூப்பிட்டா உங்க ஆயா வண்டி கேப்பா. நாலு வீடு தள்ளி இருக்கற கடைக்கு ரிக்‌ஷா. பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் எதிர்த்தாப்புல, அதுக்கும் ரிக்‌ஷா. கேட்டா, 'எனக்கு விதிச்ச நடையெல்லாம் தம்முவுலேயே நடந்து தீர்த்துட்டேன்டா, என் பிள்ளைங்க பங்கும் சேர்த்து'ன்னுவா.

லண்டன்காரி: அப்ப?

பெரியப்பா: ஆட்டோ! தெற்கு வீதி. எவ்வளவு?

ஆட்டோக்காரர்: எரநூறு குடுங்க சார்.

பெரியப்பா: எரநூறா! இவ லண்டன்லேருந்து வர்றான்னு தெரிஞ்சு கேக்கறியா?

ஆட்டோக்காரர்: அது தெரியாது சார். அந்தப் பையில கொடி கொடியா தைச்சிருக்குதே, அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.