மூடியைத் திறந்து காட்டச் சொல்லு, மருமகனே

மருமகனே, நாலுவழிச் சாலைக்கு மேக்க ஒரு வீடு பாத்திருக்கியாமே, சந்தோசம். முப்பது வருச வில்லங்கம் போட்டுப் பாத்துட்ட. மூலப்பத்திரம் பாத்தாச்சு, பட்டா யார் பேர்ல நிக்குதுன்னு பாத்தாச்சு. வாஸ்துக்காரரக் கூட்டியாந்து சாப்பாடும் போட்டு அனுப்பியாச்சு. உங்கத்தை சொன்னா, ஹால்ல ஒவ்வொரு டைல்ஸையும் காலால தட்டிப் பாத்தியாம், மாட்டுத்தாவணியில பல்லப் பிடிச்சுப் பாக்குற தரகு மாதிரி. எல்லாஞ் சரி. அந்த வீட்டுக் கக்கூஸுல ஊத்துற தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு கேட்டியா?

கேட்டிருக்க மாட்ட. படிச்ச பிள்ள, அசிங்கமா இருக்கும்ல. அட்வான்ஸ் குடு, பத்திரம் பதி, பால் காய்ச்சு. அதுக்கப்புறம் ஐப்பசி மழையில சொந்தபந்தமெல்லாம் வந்து உக்காந்திருக்கையில அதுவாவே மேல வந்து தன்னைப் பத்திச் சொல்லும். அப்பக் கேட்டுக்கலாம்.

நம்ம காரியாபட்டி பேரூராட்சி, மருமகனே. பாதாளச் சாக்கடையில கொண்டுபோயி விட்டுட்டுக் கையக் கழுவ இதென்ன மெட்ராசா? உன் வீட்டுது உன் மனையிலதான் கிடக்கணும். அதனால வீட்டுக்காரர்கிட்ட, "செப்டிக் டேங்க் எங்கிட்டு இருக்கு?"ன்னு கூச்சப்படாமக் கேளு. மனுசன் நெஞ்ச நிமித்திச் சொல்லுவார்: "அதெல்லாம் பெருசாப் போட்டிருக்கோம் தம்பி, பதினஞ்சு வருசமா எடுக்கவே இல்ல!" நீயும் ஆகா எம்புட்டுப் பெரிய தொட்டின்னு வாயப் பொளப்ப. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்க வண்டிய விட்டு உறிஞ்சி எடுக்குறதுதான் தொட்டிக்கு முறை. பதினஞ்சு வருசமா நிறையலன்னா அது அடியில ஒழுகுதுன்னு அர்த்தம். அவர் பெருமை பேசுனது அந்த ஓட்டையப் பத்தி.

நம்ம பக்கம் பல வீட்டுல தொட்டியே கிடையாது. குழி தோண்டி நாலு சிமெண்டு உறைய இறக்கி, மேல ஒரு மூடியப் போட்டு, அதுக்கு செப்டிக் டேங்க்னு பேரு வச்சிருவாங்க. அடியில தளம் இருக்காது. 1881லயே பிரான்சுல மூராஸ்னு ஒருத்தர் கசியாத தொட்டியக் கட்டி அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். நம்ம கொத்தனாருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரல. தொட்டின்னா அடியும் சுவரும் தண்ணி கசியாம இருக்கணும். கெட்டி அடியில தங்கணும், தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகணும். உறைக்குழியில கெட்டியும் தண்ணியும் சேந்தே மண்ணுக்குள்ள எறங்கிரும்.

எறங்கி எங்க போகும்? இங்கதான் வாஸ்துக்காரர் வாறார். போரை ஈசானிய மூலையில போடு, கக்கூஸுக் குழிய வாயு மூலையில தோண்டுன்னு சொல்லுவார். ரெண்டும் வடக்குச் சுவரு ஓரந்தான். நீ பாத்த மனை மூணு செண்டு, அகலம் முப்பதடி. ஐ.எஸ். 2470ன்னு இந்தியத் தர நிர்ணயத்துல ஒரு விதி இருக்கு. உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் நடுவுல 18 மீட்டராவது இருக்கணும்ங்குது. கிட்டத்தட்ட அறுபது அடி. உன் மனையில மூலைக்கு மூலை நூலப் பிடிச்சாலும் அறுபது தேறாது. அதோட போச்சா? கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் வாஸ்து பாத்துத்தானே கட்டிருப்பார்? அவரோட வாயு மூலை எது? உன் ஈசானிய மூலைக்கு ஒட்டுன சுவரு. அவரு வீட்டுக் குழியும் உன் போரும் சுவரு ஒண்ணு மறைக்க சம்பந்தி மாதிரி உக்காந்திருக்கும். அந்த போர்த் தண்ணிய நீ தீர்த்தம்னு குடிப்ப.

மண்ணப் பத்தியும் தெரிஞ்சுக்க. நம்மது கரிசல். மழையில உப்பும், கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். அது அசையுறப்ப உள்ள கிடக்குற பைப்பும் சேந்து அசையும், மூட்டு விட்டுப்போகும். அந்த விரிசலுக்குள்ள வாசல்ல நிக்கிற வேம்பு வேர விட்டுரும். அதுக்கென்ன, எருவும் தண்ணியும் ஒரே எடத்துல கிடைக்குது. வேம்பு நல்லாத் தளதளன்னு இருக்குன்னு நீ நிழலுக்கு ஆசைப்பட்டு விலையக் கூடவே பேசிட்டு வந்திருப்ப.

அப்ப எப்படிப் பாக்குறதுங்கிற. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்னு ஒரு மாநிலம். அங்க வீட்டு மனையில செப்டிக் டேங்க் இருந்தா, வீட்டை விக்கிறதுக்கு முன்னால அதைச் சோதிச்சு அறிக்கை வாங்கணும். 1995லருந்து அதான் விதி. கழிவுக்குழாய்க்குள்ள கேமராவ விட்டுப் பாக்குறதும் அந்த நாட்டுல வழக்கம். கேமரா கிடைச்சா நீயும் விடு, வேணாங்கல. கிடைக்கலன்னா ஒரு பாட்டில் சொட்டு நீலம் போதும். வாளித் தண்ணியில கலக்கிக் கக்கூஸுல ஊத்திட்டு, பைப்பு வழியில இருக்குற சேம்பர் மூடியெல்லாம் திறந்து வச்சு ஒவ்வொண்ணாப் பாரு. நீலம் தயங்கி நின்னா வாட்டம் சரியில்ல, இல்லன்னா அடைப்பு. தெருச் சாக்கடையில நீலம் ஓடுச்சுன்னா வீட்டுக்காரர் கெட்டிக்காரர். ராத்திரியோட ராத்திரியா பைப்பத் தெருவுல சொருகியிருக்கார். அடுத்து 14420க்குப் போன் போட்டு உரிமம் இருக்குற கழிவுநீர் வண்டியக் கேளு. உறிஞ்சி எடுத்த தொட்டிய வெளிய நின்னு டார்ச் அடிச்சுப் பாரு. சுவருல ஈரம் சுரந்து உள்ள இறங்குதா, அடியில தளம் தெரியுதா, வெளிய போற பைப்பு உறிஞ்சு குழிக்குத்தான் போகுதான்னு பாரு. மூடியே இல்ல, போர்டிகோ டைல்ஸுக்கு அடியில புதைஞ்சிருக்குன்னா அந்த டைல்ஸ உடைக்கிற செலவையும் விலையில கழிச்சிரு.

இப்பக் கேலி பண்ணல, கேட்டுக்க. யாரையும் உள்ள இறக்கிப் பாக்கச் சொல்லாத. கிணத்துல இறங்குறதுக்கு முன்னால விளக்க இறக்கிப் பாப்போம்ல, அந்த வித்தைய இங்க காட்டிராத. உள்ள மீத்தேன் நிக்கும். பட்டாசு ஆபீசுல தீப்பொறிக்குப் பயந்து வேலை பாக்குற சனம் நாம, கக்கூஸுக் குழியில தீக்குச்சி கிழிக்கலாமா? கூடவே ஹைட்ரஜன் சல்பைடு, அழுகுன முட்டை நாத்தம். அளவு கூடிப்போனா மூக்கு மரத்து நாத்தமே தெரியாது. நாத்தம் போச்சுன்னு நம்பி இறங்குனவன் மேல வரமாட்டான், அவனைத் தூக்கப் போனவனும் வரமாட்டான். பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறவனுக்கு 2013 சட்டப்படி மொதத் தடவையே ரெண்டு வருசம் வரைக்கும் செயிலு, ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுஞ் சேத்தே. செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லிருச்சு. "அவங்க பழகுனவங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு வீட்டுக்காரர் சொன்னா, "அப்ப நீங்க இறங்குங்க, நான் டார்ச் பிடிக்கிறேன்"னு மரியாதையாச் சொல்லு.

பத்திரச் செலவுன்னு முத்திரைக்கு நூத்துக்கு ஏழு, பதிவுக்கு ரெண்டு குடுக்கப் போற. அதுக்கு முன்னால வண்டிக்காரருக்கு ஒரு நடை கூலி குடுக்க யோசிக்காத. வீட்டுக்காரர் மூடியத் திறக்கச் சம்மதிச்சா கூலியில பாதி அவரு, பாதி நீ. சம்மதிக்கலன்னா அட்வான்ஸ் பணத்த மடியிலயே வச்சுக்கிட்டு அடுத்த வீட்டப் பாரு. நம்ம ஊர்ல விக்கிற வீட்டுக்கா பஞ்சம்?