குதிரைக்கார சார்

மேடவாக்கம் கூட்டுரோட்டு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒருவரைப் பார்க்கலாம். முழங்கால் வரை பூட்ஸ், தொடையோடு ஒட்டிய வெள்ளை பேண்ட், கக்கத்தில் ஹெல்மெட். பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றபடியேதான் டீ குடிப்பார். போன வாரம் சேணத்தில் உட்கார்ந்த இடம் இன்னும் ஆறவில்லை. அவர்தான் குதிரைக்கார சார்.

வாரத்தில் ஐந்து நாள் ஓ.எம்.ஆர். மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். சனிக்கிழமை தூக்கம். ஞாயிறு மட்டும் தேசிங்கு ராஜா. பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், வேங்கைவாசல் பக்கத்து அடுக்குமாடிகளில் தேடினால் இப்படி ஒருவர் கட்டாயம் அகப்படுவார்.

இவர் குதிரை ஏறிய கதை அநேகமாக ஒரே கதைதான். கோடை விடுமுறையில் மகளைக் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்தார். மூன்று மாத ஃபீஸ் முன்பணமாகக் கட்டினார். பத்தாம் நாள் மகள், “அப்பா, நாத்தம் அடிக்குது” என்று பரதநாட்டியத்துக்குத் தாவிவிட்டாள். கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கமே அச்சடித்திருந்தது. நடுத்தர வர்க்கத்துத் தமிழன் எதையும் தாங்குவான், கட்டிய ஃபீஸ் வீணாவதை மட்டும் தாங்கமாட்டான். மறு ஞாயிறு மகளின் இடத்தில் அவரே போய் நின்றார். ஹெல்மெட், கையுறை, சாட்டை எல்லாம் அதற்குள் ஆன்லைனில் வந்து இறங்கிவிட்டன. குதிரை ஏறத் தெரிவது ஒன்றுதான் பாக்கி.

மாம்பாக்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, விற்காத பிளாட்டுகளுக்கு நடுவே இருக்கிறது லாயம். அதை நடத்துகிற மாஸ்டர் ராணுவத்தின் 61ஆவது குதிரைப்படையில் இருந்தவர். 1953இல், சமஸ்தானங்களின் குதிரைப் படைகளைச் சேர்த்து உண்டாக்கிய படை அது. அங்கே அவர் முரட்டுக் குதிரைகளைப் பழக்கியிருக்கிறார். இங்கே மேனேஜர்களைப் பழக்குகிறார். எது கஷ்டம் என்று கேட்டால் சிரித்துவிட்டு சேணத்தைத் துடைக்கப் போய்விடுவார்.

சார் ஏறுகிற குதிரை, கிண்டிப் பந்தயங்களில் ஓடி ஓய்வு பெற்றது. பந்தயம் வேண்டாம் என்று தமிழக அரசு 1974இல் சட்டம் போட்டது. வழக்கு நடந்து நடந்து 1996இல்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமைக்கான ஆட்டம். நீதிபதிகள் நம் சாரைக் குதிரைமேல் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தீர்ப்பை ஒத்திவைத்திருப்பார்கள். 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்கே அரசு சீல் வைத்தது. குதிரைக்கு அதெல்லாம் தெரியாது. அதற்கு வேகமாக ஓடத் தெரியும், நேரத்துக்குக் கொள்ளு வரவேண்டும் என்று தெரியும், மேலே இருப்பவர் யார் என்பது ஏறிய மூன்றாவது விநாடியில் தெரியும்.

“எடி நீச்சே!” என்று மாஸ்டர் கத்துவார். ராணுவத்து இந்தி. குதிகாலைக் கீழே இறக்கு என்று அர்த்தம். சார் குதிகாலை இறக்குவார், உடனே தோள் ஏறிக்கொள்ளும். தோளை இறக்கினால் முழங்கை பறக்கும். முழங்கையை ஒடுக்கினால் மூச்சு நின்றுவிடும். கடிவாளத்தை அவர் பிடிப்பது, காலை எட்டரை மணி தாம்பரம்–பீச் ரயிலில் கம்பியைப் பிடிப்பது போல இருக்கும். விட்டால் உயிர் போய்விடும் என்கிற பிடி.

“விரல்ல பிடிச்சாப் போதும் சார். அதுக்கு வாய் வலிக்கும்.”

“கண்ட்ரோல் வேணுமே மாஸ்டர்?”

“அது கண்ட்ரோல்லதான் சார் இருக்கு. நீங்க ஒண்ணும் செய்யாம சும்மா உக்காருங்க.”

மேனேஜருக்கு இதைவிடக் கடுமையான உத்தரவு கிடையாது. சும்மா இருக்க அவருக்கு வராது. ஆபீஸில் யாராவது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் அருகில் போய் நின்று வழிகாட்டுவது அவர் வழக்கம். குதிரை ஒழுங்காக நடந்தாலும் ஒரு உதை விடுவார். அது ஓடும். ஓடுகிறதே என்று பயந்து இழுப்பார். அது நின்று, இரண்டு உத்தரவில் எதைச் செய்வது என்று காதைத் திருப்பி மாஸ்டரைப் பார்க்கும். சாருக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்கள் மனிதவளத்துறைப் பக்கம் பார்ப்பதும் இதே பார்வைதான்.

குதிரையைச் சொன்ன இடத்தில் சொன்ன நடையில் நடத்திக் காட்டும் போட்டி டிரெஸாஜ். அதன் மைதானத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நட்டிருக்கும். நாற்பது மீட்டர் நீள மைதானம் என்றால் ஏ, கே, இ, ஹெச், சி, எம், பி, எஃப். ஏன் இந்த வரிசை என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. சார் ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிட்டார். கே-யில் ஓட்டம் தொடங்கு என்றால், தொடங்கவேண்டிய இடம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தொடங்குவது மட்டும் ஹெச்-சில்தான் நடக்கும்.

அறிவில் குறை சொல்ல முடியாது. பெங்களூரு ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கியதும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆவது இடம் வந்ததும் விரல் நுனியில். 2023இல் ஹாங்சோவில் டிரெஸாஜ் குழு தங்கம் வென்றபோது, குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருடத்துக்குப் பிறகு ஆசியத் தங்கம் என்று அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார்.

ஒரு நாள் அமெரிக்க வீடியோ ஒன்றோடு வந்தார். கலிஃபோர்னியா மாட்டுப் பண்ணைக் குதிரைகளின் போட்டி. ஸ்பானிய வழி வந்த மாட்டுக்காரர்கள் வளர்த்த கலை. 1949இல் சங்கம் வைத்து இன்றுவரை நடத்துகிறார்கள். முதலில் குதிரை தனியாகச் சுழன்று, பாய்ந்து, சறுக்கி நின்று காட்டவேண்டும். பிறகு ஒரு மாட்டை உள்ளே விடுவார்கள். அதை ஒரு மூலையில் மடக்கி, வேலியோரம் விரட்டி, இரண்டு பக்கமும் திருப்பி, நடுவில் வட்டமடிக்க வைக்கவேண்டும். எழுபது மார்க் என்றால் சுமார். எண்பது தொட்டால் தெய்வம். கடிவாளத்தை ஒரு கையில் தளர்வாகப் பிடித்து வேலை வாங்கும் அளவுக்கு ஒரு குதிரையைப் பழக்க வருடக்கணக்கில் ஆகும்.

“நாமளும் மாட்டைத் திருப்பலாம் மாஸ்டர்.”

“எந்த மாடு சார், மேடவாக்கம் மாடா? அது பஸ்ஸுக்கே திரும்பாதே!”

சார் விடவில்லை. பக்கத்துப் பிளாட்டில் பால்காரர் பசு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. வேளச்சேரி ரோட்டின் நடுவில் படுத்து லாரிகளை ஒதுங்கிப் போக வைத்த அனுபவசாலி. சார் மிடுக்காகக் குதிரையை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பசு அசை போட்டது. ஒரு அடி முன்னால் வந்தது. கிண்டியில் அத்தனை கூட்டத்தின் கூச்சலுக்கும் அசையாத குதிரை, ஒரே சுழற்சியில் திரும்பி லாயத்துக்குப் பாய்ந்து வாசலில் சறுக்கி நின்றது. சுழற்சி, பாய்ச்சல், சறுக்கல் மூன்றும் அப்பழுக்கில்லாமல் இருந்ததாக மாஸ்டர் பிற்பாடு சொன்னார். சார் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மார்க் போட்டிருந்தால் பசுவுக்குத்தான் எண்பது.

அதற்கும் அசராமல் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். தாண்டும் போட்டி, அறுபது சென்டிமீட்டர், அமெச்சூர் பிரிவு. ஒரு கம்பு விழுந்தால் நான்கு தவறு. தடுப்புகளை நம்பர் வரிசைப்படி தாண்டவேண்டும், வரிசை மாறினால் வெளியே. வீட்டில் தயாரிப்பு பலமாக நடந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று அம்மணி மூன்று வேளையும் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல் என்று வைத்தார். “குதிரை அதைத் தின்னுட்டு ஓடுதுங்க, நீங்க தின்னுட்டுத் தூங்கறீங்க” என்று ஒரு குறிப்பும் சேர்த்துப் பரிமாறினார். போட்டியன்று சார் தடுப்புகளுக்கு நடுவே காலால் அளந்து, எக்செல்லில் ஏற்றி, வண்ணம் தீட்டி, மாஸ்டருக்கு அனுப்பினார்.

மணி அடித்தது. முதல் நான்கு தடுப்பும் சுத்தம். குதிரை அந்த மாதிரிப் பாதைகளை எத்தனையோ பேரைச் சுமந்து முடித்ததுதான். ஐந்தாவதைப் பார்த்துத் தானாகவே திரும்பியது. சாருக்கோ ஏழாவதுதான் கண்ணில் பட்டது. இழுத்தார். குதிரை தயங்கியது. மறுபடி இழுத்தார். சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாகக் குதிரை அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. அழகாக ஏழைத் தாண்டியது. மணி திரும்ப அடித்தது, வெளியே.

அன்று மாலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏழாவது தடுப்பின் புகைப்படம் வந்தது. படத்தில் நம்பர் தெரியாது. குதிகால் கீழே இறங்கியிருந்தது.

மாஸ்டருக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. கொள்ளு மூட்டை, வைக்கோல், குதிரைக்காரப் பையன்களின் சம்பளம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் லாடக்காரர், நடுராத்திரியில் வயிற்றுவலி என்றால் ஓடிவரும் மாட்டு டாக்டர் எல்லோருக்கும் படியளப்பது பதக்கம் வாங்குகிற பிள்ளைகள் இல்லை. அவர்கள் கற்றுக்கொண்டதும் பெரிய ஊர், பெரிய குதிரை என்று போய்விடுகிறார்கள். எந்த ஞாயிறும் தவறாமல் வந்து, எதையும் கற்காமல், அடுத்த மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போகிறவர் சார்தான்.

“குதிரை ஒருவாட்டி கத்துக்கிட்டா மறக்காதுங்க” என்றார் மாஸ்டர், ரசீது எழுதிக்கொண்டே. “சாருங்களும் அப்படியே இருந்துட்டா நான் லாயத்தை மூடிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.”