இரட்டைப் பிள்ளைகளை அடையாளம் காண்பதில் நாயின் பங்கு: ஓர் ஆய்வு

பிரிந்துபோன அப்பா அம்மாவை இரட்டைப் பெண்கள் ஆள்மாறாட்டம் செய்து சேர்த்துவைக்கும் கதைகளில் நாய்க்குரிய இடத்தை ஆய்வுலகம் இன்றுவரை தரவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலம், ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னரின் 1949ஆம் ஆண்டுச் சிறுவர் நாவல். வியன்னாவில் அப்பா, இசைக்குழு நடத்துநர். கைக்குழந்தைகள் இரண்டும் வீறிட்டழுததில் இசையமைக்க முடியவில்லை என்று வெளியே தனி அறை பிடித்தார். அறைக்கு ஒரு பெண்மணி வந்துபோகத் தொடங்கினார். அப்புறம் நடப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். மணமுறிவுக்குப் பின் பாகப்பிரிவினை: ஆளுக்கொரு பிள்ளை. லூயிசெலோட்டே என்ற அம்மாவின் பெயரை ஏற்கெனவே இரண்டாக வெட்டி லூயிசே, லோட்டே என்று பிள்ளைகளுக்கு வைத்திருந்ததால், பங்கு போடுவதில் சிக்கல் எழவில்லை.

கோடை முகாமில் சந்திக்கும் சிறுமிகள் வீடு மாறிப் போகிறார்கள். ஒருத்திக்குச் சுருள்முடி, மற்றவளுக்குப் பின்னல். பின்னலை அவிழ்த்துச் சுருட்டிவிட்டதும் பெற்ற அப்பனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் ஒருவர் வளர்க்கும் பெப்பெர்ல் என்ற நாய் மட்டும் மோந்து பார்த்து ஒதுங்குகிறது. மியூனிக்கில் பத்திரிகை வேலை பார்க்கும் அம்மா இன்னும் மோசம். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளையை வைத்து அல்ல, அலுவலகத்துக்கு வந்த புகைப்படத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்.

இந்நாவலைத் தழுவிய 1998ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்திலும் இதே வரிசைதான். கலிஃபோர்னியா வீட்டு நாய் சாமி முதலில் முறைக்கிறது, வீட்டைக் கவனிக்கும் செஸ்ஸிக்குப் பிறகு பிடிபடுகிறது, அப்பா கடைசி. ஆகவே விதி: ரத்த உறவு நெருங்க நெருங்க, அடையாளம் காணும் திறன் தேயும்.

இவ்விதிக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1961 டிஸ்னி படத்தில் இரு பெண்களாகவும் நடித்தவர் ஹேலி மில்ஸ். 1998இல் லின்ட்சே லோஹன். இருப்பதே ஒரு பெண் என்னும்போது, வித்தியாசம் தெரியவில்லை என்ற அப்பாவே சரி. முறைத்த நாய் பொய்ச்சாட்சி. மன்னிக்க முடியாதவர்கள் 1950 ஜெர்மன் படத்துப் பெற்றோர் மட்டுமே. அதில் நடித்த யுட்டா, ஈசா கியுந்தர் இருவரும் நிஜ இரட்டையர்.

ஏவிஎம்மின் 'குழந்தையும் தெய்வமும்' (1965) இக்கதையின் படங்களில் தனித்து நிற்கிறது. மெட்டு வரவில்லை என்று ஒருவன் குடும்பத்தைப் பிரிந்தால் நம் தரை டிக்கெட் ஒப்புமா? ஆகவே ஜெய்சங்கரையும் ஜமுனாவையும் பிரிக்கும் பொறுப்பு மாமியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. வியன்னா கைவிட்ட நுட்பம் இது. குட்டி பத்மினி என்ற ஒரு சிறுமி இருவராக நடித்தார்; கிருஷ்ணன், பஞ்சு என்ற இருவர் ஒருவராக இயக்கினார்கள். கணக்கு நேர்.

அதே இயக்குநர்கள் 1968இல் இந்தியில் 'தோ கலியான்' எடுத்து, பிஸ்வஜித்தையும் மாலா சின்ஹாவையும் பிரித்துச் சேர்த்தார்கள். கதையில் பெண்கள் கங்கா, ஜமுனா. நடித்தவர் பேபி சோனியா. அவரே வளர்ந்து நீத்து சிங் ஆனார். ஒரே சிறுமிக்கு நான்கு பெயர் இருக்கையில், அப்பா தடுமாறினார் என்று குறை சொல்வது ஆய்வு நேர்மை ஆகாது.