தெள்ளியல்: ஒரு சொறிமுறை விளக்கம்

நாய் ஏன் சொறிகிறது என்பது குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு நடைபெறவில்லை என்று சொல்லித்தான் ஆய்வேட்டைத் தொடங்க வேண்டும் என்பது மரபு. மரபை மீறும் தைரியம் இவ்வாய்வாளருக்கு இல்லை. ஆகவே, நடைபெறவில்லை.

அடுத்த மரபு, சொல்லாராய்ச்சி. தெள்ளு என்பது தெள்ளுப்பூச்சி. தெள்ளுதல் என்றாலோ முறத்தில் இட்டுக் கொழித்தல். முறத்தில் அரிசி துள்ளுகிறது, நாயின் முதுகில் பூச்சி துள்ளுகிறது, எனவே இரண்டு சொல்லும் உடன்பிறப்பு என்பது என் கட்சி. மொழியறிஞர்கள் ஒப்பமாட்டார்கள். தமிழைத் 'தெள்ளுதமிழ்' என்று புகழ்ந்தவர்கள் இந்தப் பூச்சியை நினைக்கவில்லை என்பதை மட்டும் அவர்களோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி ஆய்வெல்லை. தெள்ளு வேறு, உண்ணி வேறு, பேன் வேறு. உண்ணிக்கு எட்டுக் கால்; சிலந்திக்குச் சொந்தம். காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து, குடித்துக் குடித்து ஆமணக்கு விதையாக உப்பும். (இது என் உவமை அல்ல. ஆமணக்குக்கு லத்தீனில் 'ரிசினஸ்' என்று பெயர். உண்ணி என்றே பொருள்.) தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது. இரு பக்கமும் அமுக்கி வைத்தாற்போன்ற ஒல்லி உடம்பு. ரோமக் காட்டுக்குள் நழுவி ஓட அதுதான் தோது. பேன் துள்ளாது. இம்மூன்றையும் நம் ஊரில் பூச்சி என்றே சொல்வதால், கடையில் போய் "நாய்க்குப் பூச்சி மருந்து" என்று கேட்டால் குடற்புழு மாத்திரையை எடுத்துத் தருவார்கள். தவறு எனலாமோ எனின், எனலாகாது, என்னை? அரிப்பு தாளாமல் நாய் தன்னையே கடிக்கும்போது தெள்ளையும் விழுங்குகிறது. அந்தத் தெள்ளுக்குள் நாடாப்புழுவின் குஞ்சு இருப்பதுண்டு. பின்னாளில் அது வெள்ளரி விதை போலத் துண்டு துண்டாக வாலடியில் ஒட்டிக்கொண்டு வெளிவருகிறது. ஆகலின் கடைக்காரர் அறியாமலே பாதி வைத்தியம் பார்த்துவிட்டார் என்க.

இத்துறையின் முன்னோர் சாமானியப்பட்டவர்கள் அல்லர். கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ், கி.மு. 423இல் அரங்கேறிய 'மேகங்கள்' நாடகத்தில் சாக்ரட்டீசையே தெள்ளாய்வில் இறக்கிவிட்டார்: தெள்ளு எத்தனை தெள்ளடி தூரம் துள்ளும் என்று அளக்கிறார் அந்த மேடைச் சாக்ரட்டீஸ். அது கேலி. ஆனால் பிரான்சில் துலூஸ் நகரக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மூவர் நிஜமாகவே அளந்தார்கள். நாய்த்தெள்ளு பூனைத்தெள்ளைவிட உயரத் துள்ளும் என்று நிறுவினார்கள். 2008இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது. யோசிக்க வேண்டியது என்னவென்றால், உலகில் பல இடங்களில் நாய் மேல் குடியிருப்பதும் பூனைத்தெள்ளுதான். துள்ளலில் தோற்றவர் ஆட்சியைப் பிடித்துவிட்டார். நமக்கு இது புதிதல்ல.

சொறிதலுக்கும் ஒரு மூலவர் உண்டு: சார்லஸ் ஷெரிங்டன். பின்னாளில், 1932இல், நோபல் பரிசு பெற்றவர். நாய் சொறிவதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை, தண்டுவடமே அந்தக் காரியத்தை நடத்திக்கொள்ளும் என்று காட்டினார். இதற்காக அவர் மெல்லிய மின்சாரம் பாயும் ஒரு முனையைத் தோலில் வைத்து, மின்தெள்ளு ஒன்றையே உண்டாக்கினார். எங்கள் நாயின் கால் ஆடும் வேகத்தைக் கைக்கடிகாரம் வைத்து எண்ணிப் பார்த்தேன். வினாடிக்கு ஏறத்தாழ நான்கு.

எங்கள் நாய் என்றேன். ஆய்வுக்களத்தை இன்னும் சொல்லவில்லை. சிப்பிப்பாறைக் கலப்பு, பெயர் கருப்பன், நிறம் செம்பழுப்பு. கூடவே ஒரு பூனை. கூப்பிட்டால் வருகிற பழக்கம் இல்லாததால் பெயர் வைக்கவில்லை. கருப்பன் ராத்திரி முழுக்கச் சொறிந்ததில் கட்டில் காலில் அவன் முழங்கை இடிக்கும் 'டொக் டொக்' சத்தம் கேட்டு, கதவைத் தட்டுகிறார்கள் என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம், "பூச்சியே கண்ணுல படலையே சார்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பொடிப்பல் சீப்பு ஒன்றை எடுத்து வாலடியில் நாலு இழுப்பு இழுத்தார். சீப்பில் மிளகுப்பொடி மாதிரி கருப்பாக ஏதோ வந்தது. அதை ஈரப் பஞ்சில் தட்டினார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கரும்புள்ளியைச் சுற்றியும் செங்காவி நிறத்தில் ஒரு வளையம் கசிந்து படர்ந்தது.

"மண்ணு இல்ல சார் இது. உங்க நாயோட ரத்தந்தான். தெள்ளு குடிச்சிட்டுப் போட்ட எச்சம். ராத்திரி எங்க படுப்பான்?"

நான் கூரையைப் பார்த்தேன். என் மனைவி, "இவரு கால்மாட்டுல" என்றாள்.

"அப்ப மருந்து நாய்க்கு மட்டும் பத்தாதும்மா. கட்டிலுக்குஞ் சேர்த்துத்தான்."

இதுவே தெள்ளியலின் தலையாய சூத்திரம். நாயின் மேல் நாம் காண்பது மொத்தக் குடும்பத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் என்பது துறையில் வழங்கும் கணக்கு. மீதி 95, முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் மிதியடியிலும் சோபா இடுக்கிலும் இருக்கின்றன. வீடு அவர்களுடையது, நாய் அவர்களுடைய மெஸ். இதை ஐந்திணையில் வைத்துச் சொன்னால் தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும்.

நாயின் முதுகு குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல். ரத்தம் குடித்து ஓரிரு நாளில் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கி, நாளைக்கு 40, 50 என்று இடும். முட்டைக்குப் பசை கிடையாது. நாய் உடம்பை உதறும் இடமெல்லாம் விதைப்பு. சோபா இடுக்கு முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். புழு, பெற்றோர் போட்ட அதே ரத்த எச்சத்தைத் தின்று வளர்ந்து, கூடு கட்டிக்கொண்டு, தூசியைப் போர்த்திப் படுக்கும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சுலபத்தில் நுழையாது. வெளியே காலடி அதிர்வோ, உடம்புச் சூடோ, மூச்சுக்காற்றோ தெரியும்வரை மாதக்கணக்கில் இருக்கும். தலைவன் வரவு நோக்கி இத்தனை பொறுமையோடு இருந்தவர் சங்கத் தலைவியருள்ளும் அரியர். கட்டில் மருதம்: ஊடல், மேலே கண்டவாறு. குளியலறை நெய்தல்: இரங்கல், குறிப்பாகப் பூனைக்கு. பாலை என்பது வாலடியில் ரோமம் பிரிந்துபோன வழுக்கை. தெள்ளின் எச்சில் ஒவ்வாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். நாட்கணக்கில் அரித்து, நக்கி, கடித்து, தோல் தடித்து யானைத்தோலாகும். பூனை விஷயம் இன்னும் சிக்கல். நக்கி நக்கியே தெள்ளை விழுங்கிவிடும். வயிற்றில் முடி கொட்டியிருக்கும், ஆளைக் காணோம். சாட்சியே தடயத்தைத் தின்றுவிடுகிற வழக்கு.

மருந்தியலுக்கு வருவோம். இதில் மூன்று கட்சிகள். மண்ணெண்ணெய்க் கட்சி, வண்டிக் கழிவு ஆயில் கட்சி, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுக என்னும் எங்கள் அத்தையின் கட்சி. முதலிரண்டும் தோலை வேகவைக்கும். நாய் நக்கினால் குடலுக்கும் கேடு. ஆகலின் அவை உரையன்று. அத்தை கட்சிக்கு ஓரளவு மரியாதை தரலாம், ஆனால் சோபா இடுக்கில் இருக்கும் 95 பேருக்கும் அத்தையால் பூசிவிட முடியாது.

மருந்துக்கடை ஒன்றில் எனக்கு நேர்ந்ததைப் பதிவு செய்ய வேண்டும். கழுத்தில் விடும் சொட்டு மருந்தை நாய்க்கு வாங்கினேன். பூனைக்கும் கேட்டேன். "இதையே பாதி விடுங்க சார், அதுக்கும் நாலு காலுதானே" என்றார் கடைக்காரர். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பெர்மெத்ரின். நாய்க்கு ஆகிற அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் சரிவரச் சிதைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். பாதி விடுவதில் பாதி சாவு என்று ஏதும் இல்லை. பெட்டியில் பூனைப் படமும் எடைக் கணக்கும் இல்லாத எதையும் பூனை மேல் விடாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் விளையாட்டாக எழுதவில்லை.

சொறியெல்லாம் தெள்ளல்ல. காது ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டு மனிதர்களுக்கும் அரித்தால் அது சார்கோப்டிஸ் என்னும் நுண்சிலந்தி. அதன் ஒன்றுவிட்ட சொந்தம் டெமோடெக்ஸ், குட்டியிலேயே தாயிடமிருந்து வந்து மயிர்க்காலில் குடியிருப்பது, மனிதருக்கு ஒட்டாது. வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் பெரும்பாலும் படர்தாமரை. பூனையைக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் வரும். எது எதுவென்று டாக்டர் பிளேடால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகப் பார்த்துச் சொல்லக் கூடாது. 'ஐவர்மெக்டின் ஊசி ஒண்ணு போட்டா எல்லாம் போயிரும்' என்பார் அவர். நல்ல மருந்துதான், அதைத் தந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் கோலி (Collie) இன நாய்கள் பலவற்றுக்கு மரபணுவிலேயே ஒரு குறை. அந்த ஊசியின் அளவு கூடினால் மருந்து மூளைக்குள் புகுந்து நாய் சாய்ந்துவிடும்.

டாக்டர் எங்களுக்குச் சொன்ன முறை எளியது: வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் மருந்து, மாதாமாதம், குறைந்தது மூன்று மாதம், விரிப்புகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசுவது, சோபா இடுக்கு வரை தினமும் கூட்டுவது. முதல் மாதம் சிரத்தையாகச் செய்தோம். டொக் டொக் நின்றது. இரண்டாம் மாதம் மருந்தின் விலை நினைவுக்கு வந்தது. நாயைப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. நிறுத்திவிட்டோம்.

மே மாதம் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போனோம். கருப்பன் மைத்துனர் வீட்டில், பூனை அடுத்த வீட்டில். திரும்பிவந்து கதவைத் திறந்து, பெட்டியைத் தரையில் 'தொம்' என்று வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். அதிர்வு, சூடு, மூச்சு மூன்றும் ஒருசேரக் கிடைத்தன. முதலில் கணுக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தபோது வெள்ளை வேட்டியின் கரையோரம் எள் தூவினாற்போல் இருந்தது. பார்க்கப் பார்க்க எள் இடம் மாறியது. பதினேழு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை, இரு கையும் வேறு வேலையில் இருந்தன.

அன்று மாலை மைத்துனர் கருப்பனைக் கொண்டுவந்து விட்டார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வினாடிக்கு ஏறத்தாழ நான்கு.