கீறலைத் தவிர மற்றதையெல்லாம் எடுப்பது எப்படி?

கேரவன் ஜன்னலில் கீறல் எடுக்க வேண்டுமானால் முதலில் கீறல் வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன், கார்ன்வால் பக்கம் அது இலவசமாகவே கிடைக்கிறது. காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு ஆகஸ்ட் மாதம் கிளம்புங்கள். (படப்பிடிப்பில் நடிகர்கள் ஏறி உட்காரும் கேரவன் அல்ல இது. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து, காரால் இழுத்துப்போகும் வீடு.) ஜிபிஎஸ் அம்மணி குறுக்கு வழி என்று சொல்லும் சந்தில் தயங்காமல் திரும்புங்கள். ஒரு வண்டி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் மண்கரை, அதன்மேல் ஹாதார்ன், பிளாக்தார்ன், இடையிடையே பிராம்பிள் கொடி. மூன்றுக்குமே முள் உண்டு. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம். சாலைப் பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர விவசாயிகள் வேலியை வெட்டக்கூடாது என்பது அந்த ஊர் விதி. நீங்கள் லீவு போடும் மாதமும் முள் முற்றி நீட்டிக்கொண்டு நிற்கும் மாதமும் ஒன்றுதான். பத்துப் பொருத்தமும் இருக்கிறது.

எதிரே டிராக்டர் வரும். கேரவனோடு ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவர் அந்தச் சந்துக்குள் நுழைந்தே இருக்கமாட்டார் என்பதால், நீங்கள் ஓரம் கட்டுவீர்கள். நீளமாக ஒரு சத்தம் கேட்கும். பாராட்டுகள், பாதி வேலை முடிந்தது.

அவ்வளவு தூரம் போக வசதி இல்லாதவர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். தூசி படிந்த ஜன்னலைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். செத்த பூச்சி ஒட்டியிருந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுங்கள். பலன் உடனே தெரியும்.

இத்தனை சுலபமாகக் கீறல் விழக் காரணம், அது கண்ணாடியே இல்லை என்பதுதான். எடை குறைய வேண்டுமே என்று அக்ரிலிக்கில் செய்கிறார்கள். அதே கனமுள்ள கண்ணாடியில் பாதி எடைகூட இராது. இரண்டு தகடு, நடுவில் காற்று. பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ், ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களில் 1930களில் சந்தைக்கு வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானிகளின் தலைக்கு மேல் இருந்ததும் இதுவே. உடைந்த விமான மூடியின் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அவ்வளவாகச் சீறவில்லை என்பதைக் கவனித்த டாக்டர் ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து கண்ணுக்குள் பொருத்தினார். 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் இந்த லென்ஸை மலிவாக்கி ஊர் ஊராக அனுப்பியது. உங்கள் பாட்டியின் கண்ணில்கூட அக்ரிலிக் இருக்கலாம். அங்கே வேலி உரசுவதில்லை என்பதால் பாட்டிக்குப் பிரச்சினை இல்லை.

ஜன்னலுக்கு வருவோம். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லையென்றால் பிளாஸ்டிக் பாலிஷ் போதும். தடுத்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது இல்லை.

டூத்பேஸ்ட் போடச் சொல்லி நாலு பேர் வருவார்கள். தவறு என்று சொல்லமுடியாது. அதிலும் நைசான அரைபொடி உண்டு. மெல்லிய கீறல் கொஞ்சம் மங்கும், ஆழமானது அப்படியே இருக்கும், ஜன்னல் புதினா வாசம் வீசும். தின்னரோடு வருகிறவரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் இவற்றுக்கும் அனுமதி இல்லை. அக்ரிலிக்குக்குள் நுண்வெடிப்புகள் வலைபோல் ஓடும். அதற்குப் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. கீறலை ஒழித்துக்கட்ட இதுவும் ஒரு வழிதான், வெடிப்புக்கு நடுவே கீறலை யார் தேடப்போகிறார்கள்?

இனி உண்மையைச் சொல்லிவிடலாம். கீறலை யாராலும் எடுக்க முடியாது. அங்கே எதுவும் இல்லாததைத்தானே கீறல் என்கிறோம். இல்லாததை எப்படி எடுப்பது? வயலில் ஒரு பள்ளம் விழுந்தால் மண் கொட்டி நிரப்பலாம், இல்லையேல் வயல் முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டம்வரை வெட்டி எடுக்கலாம். கடையில் விற்கும் பாலிஷ் பலவும் முதல் வகை: மெழுகும் சிலிகானும் பள்ளத்தில் உட்காரும், நாலைந்து முறை கழுவியதும் எழுந்து போய்விடும். ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் இரண்டாம் வகை.

1200ஆம் நம்பர் தாளில் தொடங்கி 1500, 2000, 2500 என்று ஏறவேண்டும். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காகத் தேயுங்கள், பழைய கோடு போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். 1200 முடிந்ததும் ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம் கவிந்திருக்கும். மனைவி எட்டிப் பார்க்கும் நேரமும் அதுவாகத்தான் இருக்கும். "இதுக்கு அந்தக் கீறலே தேவலையே" என்பார். பதில் பேசாமல் அடுத்த தாளை எடுங்கள். நடுவில் நிறுத்தியவர்களின் கேரவன்களைப் பார்த்திருக்கிறேன். குளியலறை ஜன்னல் கண்ணாடியை வரவேற்பறையில் மாட்டிய மாதிரி ஆகிவிடுகிறது.

சோம்பேறித்தனத்தில் கீறல் உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். அதன் வழியே பார்த்தால் தூரத்தில் மேயும் ஆடு ரப்பராக இழுபடும். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். தாள்கள் முடிந்து கடைசியாகப் பாலிஷ் போடும்போது, அவசரத்தில் மெஷினை முழு வேகத்தில் அழுத்தினாலோ, உராய்வுச் சூட்டில் அக்ரிலிக்கே இளகிவிடும். சுமார் 100 டிகிரியிலேயே அது மெத்தென்று ஆகிவிடுகிற ஜாதி. மெதுவாக, ஈரமாக, மெஷினை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஓட்டுங்கள்.

புது ஜன்னலே வாங்கிவிடலாமே என்று தோன்றும். சில நூறு பவுண்டு ஆகலாம். பழைய மாடல் என்றால், நொறுங்கிய கேரவன்களைப் பிரித்து விற்கும் யார்டுகளுக்கு அலையவேண்டும். அங்கே கிடைப்பதும் அநேகமாக டெவன் போய் வந்ததாகவே இருக்கும்.

எதுவும் முடியாதவர்கள் வண்டியை விற்றுவிடலாம். விளம்பரத்துக்கு மழையில் படம் எடுங்கள். பிரிட்டனில் அதற்காக நாள் குறிக்க வேண்டியதில்லை. கீறலில் தண்ணீர் நிரம்பினால் வெளிச்சம் அவ்வளவாகச் சிதறாது, நனைந்த ஜன்னல் புதிதுபோல் தெரியும். வாங்க வருகிறவர் ஏற்கெனவே கேரவன் வைத்திருந்தவராக இருந்தால் கையோடு ஒரு துண்டு கொண்டுவருவார். அவர் அதை உதறும்போதே விலையைக் குறைத்துவிடுங்கள்.